இரவல் தூக்கம்

"ஏம்மா, எல்லாரும் தூங்குறாங்களே, இது பள்ளிக்கூடமா, நம்ம லயத்து வீடா?"

ஆறு வயது அங்கம்மா இப்படிக் கேட்டபோது, கல்லுமலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கான மாலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே ஒரே ஒரு லாந்தர். அதைச் சுற்றிக் கொழுந்து பறிக்கும் பெண்கள். நல்லம்மா சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அவள் மடியில் இன்னொருத்தியின் தலை. மூலையில் ஒருத்தி உட்கார்ந்தபடியே தூங்கினாள். அவளுடைய விரல்கள் மட்டும் தூக்கத்திலும் எதையோ கிள்ளிக் கிள்ளி முதுகுப் பக்கம் எறிந்துகொண்டிருந்தன. கரும்பலகைக்கு அருகே நாற்காலியில் வாத்தியார் தர்மலிங்கம், தம்முடைய பரீட்சைப் புத்தகத்தை மார்பில் கவிழ்த்துக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி எதற்கோ சம்மதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

விழித்திருந்தவள் அங்கம்மாவின் தாய் இராக்கம்மா ஒருத்திதான். சிலேட்டை லாந்தருக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடந்தான். சத்தம் போடாத, வாத்தியாரையா எழும்பிருவாரு" என்றாள்.

பதுளைக்கு ரயில் வந்த மறு வருஷம் அது. வகுப்பு தொடங்கியபோது முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். தோட்டத்துத் துரை புதிதாக எதையோ இலவசமாகத் தருகிறாராம் என்று பேச்சு. அது எழுத்துதான் என்று தெரிந்ததும் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். காலையில் தப்பு மேளச் சத்தம் கேட்டு எழுந்து, பெரட்டு வரிசையில் நின்று பேர் கொடுத்து, மலையேறிக் கொழுந்து பறித்து, கூடையை இறக்கிவிட்டு வந்து, அதன்பிறகு 'அ' என்ற எழுத்தின் வயிற்றைச் சுழிப்பதென்றால் யாரால் முடியும்? மீதிப் பேரும் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். மிஞ்சியவள் இராக்கம்மா.

அவளால் வகுப்பை விட முடியாது. போன மழையில் செங்குத்து மலையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவளுடைய வலது முழங்கால் மாலையானால் பலாக்கொட்டை போல வீங்கியது. பறிக்கும் கொழுந்தின் எடை குறைந்தது. அரைப் பேர் போட ஆரம்பித்தார்கள். நாள் முழுக்க மலையில் நின்றாலும் அரை நாள் கூலி. இந்த நிலையில்தான் பிள்ளை மடுவத்து ஆயா தை மாதத்தோடு ஊருக்குத் திரும்பப் போவதாகச் சொன்னாள். தாய்மார் மலைக்குப் போனபின் தொட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அது. மலையேற வேண்டாம். தோட்டத்து மருந்தையா எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லியிருந்தார்: "அடுத்த ஆயாவுக்கு எழுத்துத் தெரியணும். பூசுற மருந்தப் புள்ளைக்கு ஊத்திக் குடுத்துட்டு எங்கிட்ட வந்து அழக் கூடாது. போத்தல்ல நான் எழுதி ஒட்டியிருக்கிறத எவ வாசிக்கிறாளோ, அவளுக்குத்தான் வேலை."

ஒருத்திக்காகப் பள்ளிக்கூடத்தில் லாந்தர் எரிப்பதைத் துரை விரும்பவில்லை. பத்துத் தலையாவது இருந்தால்தான் மண்ணெண்ணெய் என்று உத்தரவு வந்தது. இராக்கம்மா அதைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தபோது, நல்லம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு யோசித்தாள்.

"பத்துத் தலைதானே கேட்டாரு? முழிச்ச தலையா, தூங்குற தலையான்னு சொன்னாரா?"

"இல்லையே."

"அப்ப விடு. லயத்துலயும் தூங்கத்தான் போறோம். அங்க தூங்குனா என்ன, இங்க தூங்குனா என்ன? எம்புருஷன் குறட்டையில இருந்து எனக்கும் கொஞ்ச நேரம் விடுதலை."

"ஒங் குறட்டையில இருந்து அவருக்குன்னு சொல்லு" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

அன்றிலிருந்து ஒன்பது பெண்கள் தினமும் பள்ளிக்கூடத்துக்குத் தூங்கப் போனார்கள். முதல் நாள் தர்மலிங்கம் பதறிப்போனார். அவர் பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர் மகன். கடையில் உட்காரப் பிடிக்காமல் வாத்தியார் வேலைக்கு வந்தவர். பகலில் பிள்ளைகள், மாலையில் பெரியவர்கள், இடையில் தம்முடைய வாத்தியார் பரீட்சைக்குப் படிப்பு. இரண்டு தரம் எழுதித் தோற்றிருந்தார். ஒரு வாரம் பிரம்பால் மேசையைத் தட்டிப் பார்த்தார். அடுத்த வாரம் அவரும் தூங்கினார். அவர் தூங்கும்போது இராக்கம்மா எழுத்தை உரக்கச் சொல்வாள். திடுக்கிட்டு விழித்துப் புத்தகத்தைப் புரட்டுவார். "நீ இல்லாட்டி நான் படிக்கவே மாட்டேம்மா" என்று ஒரு நாள் மனதாரச் சொன்னார்.

எழுதியதை மறக்காமலிருக்க இராக்கம்மா தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தாள். ஏழாம் நம்பர் மலை அவ்வளவு செங்குத்தில்லை. அங்கே ஓரத்து நிரையை அவள் காலுக்காக மற்றவர்கள் விட்டுக்கொடுத்திருந்தார்கள். அந்த நிரையின் தேயிலைச் செடிகளுக்கு அவள் மேலிருந்து கீழாக எழுத்துகளின் பேரை வைத்தாள். முதல் செடி ஆனா. அதன் அடியில் எப்போதும் அட்டை. அடுத்து ஆவன்னா, இரட்டைக் கொப்பு. ஈனா கூனல். ஈயன்னாவில் குளவிக் கூடு. ஊனாவுக்கு அருகே காலை இடறும் கல். கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி இறங்குவாள்.

பக்கத்து நிரைகளில் இதுவே பேச்சு வழக்காகிவிட்டது. "அடியே, ஏனாகிட்ட ஒருத்தி தலைச் சும்பலத்த விட்டுட்டுப் போயிட்டா, யாரோடது?" என்று ஒரு குரல் வரும். "ஐயன்னாவுக்குக் கீழ பாம்புச் சட்டை!" என்று இன்னொரு குரல். கங்காணி சிவஞானம் கையில் கம்போடு கீழே நின்று, இவர்கள் எந்தப் பாஷையில் பேசுகிறார்கள் என்று விளங்காமல், பொதுவாக எல்லாரையும் ஏசினார்.

இராக்கம்மாவின் புருஷன் இராமையா கவ்வாத்துக் கூட்டத்தில் வேலை செய்தான். தேயிலைச் செடி வயதானால் அதைக் கத்தியால் மட்டமாக வெட்டிவிடுவார்கள், அதுதான் கவ்வாத்து. மனைவி பள்ளிக்கூடம் போகும் நாட்களில் அவன்தான் ரொட்டி சுட்டான். அவன் சுட்ட ரொட்டியின் ஒரு பக்கம் கரியும் மறுபக்கம் மாவுமாக இருக்கும். லயத்து ஆண்கள் அவனை 'ஆயா புருஷன்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவன் கோபப்படவில்லை. "இப்பவே கூப்பிட்டுப் பழகிக்கங்க" என்றான்.

கார்த்திகையில் ஒரு நாள் அவன் தலையில் ஒரு கட்டு விறகோடு, முகமெல்லாம் சிரிப்பாக வந்தான்.

"ஒங்காலுக்குச் சௌகரியமா இருக்கட்டும்னு நீ நிக்கிற ஓரத்து நிரைய வேற எவங்கிட்டயும் குடுக்கல புள்ள. நானே வெட்டினேன். ஒவ்வொரு செடியும் தட்டு மாதிரி இருக்கு, போய்ப் பாரு!"

இராக்கம்மா கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள்.

"ஏழாம் நம்பர் மலையிலயா?"

"ஆமா. நேத்தே கங்காணி சொல்லிட்டாரு."

"ஆனா?"

"ஆனா என்ன? மழைதான் கொஞ்சம்..."

"ஆனாவ வெட்டிட்டியா? ஈயன்னாவ? அடப் பாவி மனுஷா, எம் படிப்பு மொத்தத்தையும் வெட்டி விறகாக் கட்டித் தூக்கிட்டு வந்து நிக்கிறியே!"

இராமையா தலைச்சுமையை இறக்காமலே நின்றான். விளங்கியபோது அவன் முகம் அடுப்புச் சாம்பல் போல ஆனது. இறக்கிவைத்த கட்டிலிருந்து ஒவ்வொரு கொப்பாக எடுத்துப் பார்த்தான். "இது கூனலா இருக்கு. இது ஈனாவா இருக்குமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

அன்று அடுப்பில் ஈனாதான் எரிந்தது. பழைய செடி, வைரம் பாய்ந்த மரம். ரொட்டி முதல் தடவையாக இரண்டு பக்கமும் வெந்தது. யாரும் அதைப் பாராட்டவில்லை.

மறுநாள் அவள் அந்த மலையைப் போய்ப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி மொட்டைக் கட்டைகள். ஆனாவும் இல்லை, ஔவன்னாவும் இல்லை. மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவதற்குமேல் நாக்கு நகரவில்லை. கண்ணுக்கு முன்னால் செடி இருந்தால்தான் அடுத்த எழுத்து வரும் என்று அவள் பழகியிருந்தாள். மாலையில் மழை பிடித்தது. முழங்கால் வீங்கிக் கொதித்தது. அவள் படங்குச் சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"இன்னைக்குப் போகல. இனிமேயும் போகல. மாரியாத்தாவுக்கு நான் படிக்கிறது புடிக்கல போல."

"ஆத்தா ஏன் புள்ள குறுக்க நிக்கப் போறா? வெட்டுனவன் நான்" என்றான் இராமையா.

அப்போது வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. வாசல் இஸ்தோப்பில், தலைக்குச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, முழங்கால்வரை சேறோடு ஒன்பது பெண்களும் நின்றார்கள். நல்லம்மா இடுப்பில் கைக்குழந்தை.

"எந்திரிச்சு வா. எங்க தூக்கத்தக் கெடுக்காத" என்றாள் நல்லம்மா.

"போங்கடி. வீட்டுல போய்த் தூங்குங்க. எனக்கு எல்லாம் மறந்துபோச்சு."

"வீட்டுல எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது. வாத்தியாரு குறட்டை கேட்டாத்தான் கண்ணு சொக்குது."

"நெசந்தான் நல்லம்மா. செடிய வெட்டிட்டாங்க. வரிசையே ஞாபகமில்ல."

"வரிசையா? அதுக்கா இந்தப் படுக்கை?" நல்லம்மா பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "ஆனா, அட்டை. ஆவன்னா, ரெட்டைக் கொப்பு. ஈனா, கூனல். ஈயன்னா, குளவி. எங் கன்னத்துல கொட்டினது எனக்கு மறக்குமா?"

"ஊனா, கல்லு" என்றாள் அடுத்தவள். "எங் கால் நகம் போன எடம்."

"ஊவன்னா, நீ உக்காந்து வெத்தல போடுற எடம்."

மழையில் நின்றபடி அவர்கள் அந்த மலையை மேலிருந்து கீழாக இறங்கினார்கள். ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுத்தாள். ஔவன்னாவுக்கு வந்தபோது இராக்கம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"எங்க தூக்கமெல்லாம் ஒங்கிட்ட இரவலா இருக்குடி" என்றாள் நல்லம்மா. "நீ ஆயாவானதும் திருப்பிக் குடுக்கணும். எம்புள்ளைய நல்லாப் பாத்துக்க, அது போதும்."

இராமையா லாந்தர் வெளிச்சம் தெரியும் வளைவுவரை அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் விட்டான்.

துரை பள்ளிக்கூடத்துக்கு வந்தது மார்கழியில். சொல்லாமல், நாயோடு, மண்ணெண்ணெய் வீணாகிறதா என்று பார்க்க வந்தார். நாய் முதலில் உள்ளே வந்து நல்லம்மாவின் காலை முகர்ந்தது. அவள் தூக்கத்திலேயே அதை உதைத்தாள். தர்மலிங்கம் நாற்காலியோடு எழுந்தார். புத்தகம் கீழே விழுந்தது.

துரை தமக்குத் தெரிந்த தமிழில் நல்லம்மாவை நோக்கிக் கம்பை நீட்டினார். "நீ. படி."

நல்லம்மா கண்ணைத் திறந்தாள். எதிரே துரை, நாய், கம்பு. மலையில் இருப்பதாகத்தான் அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். நிமிர்ந்து நின்று உரத்த குரலில் தொடங்கினாள்:

"ஆனா! அட்டை ஜாஸ்தி தொரைகளே! ஆவன்னா, ரெட்டைக் கொப்பு! ஈனா, கூனல்! ஈயன்னா, குளவிக் கூடு, பக்கத்துல போவாதீங்க! ஊனா, கல்லு, காலப் பாத்து வைங்க!"

தர்மலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். இராக்கம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். நல்லம்மா ஓரிடத்திலும் தடுக்காமல் ஔவன்னாவரை இறங்கி முடித்துக் கும்பிட்டாள்.

"மிச்சம் நல்லது" என்று திருப்தியாகத் தலையாட்டினார் துரை. நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். மறுநாள் இன்னொரு போத்தல் மண்ணெண்ணெய் வந்தது. அந்த வெளிச்சத்தில் இராக்கம்மா மெய்யெழுத்தையும் உயிர்மெய்யையும் கூட்டி வாசிக்கப் பழகினாள்.

தை பிறந்து ஆயா ஊருக்குப் புறப்பட்ட வாரம், மருந்தையா இராக்கம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் போத்தல்களை வரிசையாக வைத்தார். எல்லாம் ஒரே அளவு. உள்ளே எல்லாம் ஒரே கலங்கல் நிறம். அவள் நெற்றியில் விபூதி. வலது காலின் கனத்தை இடது காலுக்கு மாற்றிக்கொண்டு, விரலை எழுத்துக்குக் கீழே வைத்து வாசித்தாள்.

"கு...டி...க்...க. குடிக்க. இது, சிரங்குக்கு. பூச. இது, வயிற்றுக்கு. குடிக்க. இதுவும் பூச."

மருந்தையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாத்தியாரு கெட்டிக்காரருதான்."

"ஆமாங்கய்யா. நல்லாத் தூங்குவாரு" என்றாள் இராக்கம்மா, சந்தோஷத்தில் வாய் தவறி.

அன்று இராமையா ரொட்டியோடு சம்பலும் அரைத்தான். அங்கம்மா லயம் முழுக்க ஓடி, "எங்கம்மா ஆயா" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் பெரட்டில், பனி விலகாத வெளிச்சத்தில், கங்காணி சிவஞானம் ஒவ்வொருவரும் எங்கே போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். "இருளாயி, பிள்ளை மடுவம்."

இருளாயி அவருடைய கொழுந்தியாள். மூன்று மாதத்துக்கு முன்புதான் அக்காக்காரியை நம்பி ஊரிலிருந்து வந்தவள். தன் பேரைக் கேட்டதும் தவறு செய்தவள் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

நல்லம்மாதான் கேட்டாள். "அந்தப் புள்ளைக்கு எழுத்துத் தெரியுமா கங்காணியாரே?"

"புள்ளையத் தூக்கத் தெரியும். பெரிய கங்காணி சொல்லியாச்சு, தொரையும் சரின்னுட்டாரு."

"வாசிக்கிறவளுக்குத்தான் வேலைன்னு மருந்தையா சொன்னாரே."

எல்லாரும் ஓரமாக நின்றிருந்த மருந்தையாவைப் பார்த்தார்கள். அவர் தம்முடைய சப்பாத்தில் ஒட்டியிருந்த சேற்றைப் புல்லில் மிகக் கவனமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இராக்கம்மாவுக்குக் காலு சரியில்லேல்ல?" என்றார் சிவஞானம். "ஆயான்னா ஓடியாடிப் புள்ளைங்களப் பாக்கணும். நொண்டிக் கால வச்சுக்கிட்டு என்ன பண்ணுவா?" பிறகு அடுத்த பேருக்குப் போனார். "இராக்கம்மா, நாலாம் நம்பர் மலை."

நாலாம் நம்பர் மலைதான் தோட்டத்திலேயே செங்குத்தானது.

அன்று மாலை இராக்கம்மா பள்ளிக்கூடத்துக்குப் போகும் நேரத்தில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இஸ்தோப்பில் சத்தம் கேட்டது. ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். நல்லம்மா மட்டும், "தூக்கம் வருது" என்றாள்.

இராக்கம்மா சிலேட்டை எடுத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் தர்மலிங்கம் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "நானும் மூணாந்தரம் எழுதப் போறேம்மா" என்றார். வேறு ஆறுதல் அவருக்குத் தெரியவில்லை. அன்று அவர் தூங்கவில்லை. பெண்கள் வழக்கம்போல் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்தார்கள். நல்லம்மாவின் பிள்ளை லேசாக இருமியபடி அவள் நெஞ்சில் படுத்திருந்தது. இராக்கம்மா சிலேட்டில் எழுதாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பீலிக்கரையில் இருளாயியின் குரல் கேட்டது. பக்கத்தில் தண்ணீர் பிடித்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "புள்ளைங்க எங்கிட்ட ஒட்டிக்கிருச்சு அக்கா, அதுக்குப் பயமில்ல. அந்தப் போத்தலுங்களப் பாத்தாத்தான் பயம். எது எதுன்னு மருந்தையா சொன்னாரு, திரும்புறதுக்குள்ள மறந்துருச்சு. எல்லாம் ஒரே மூஞ்சி. கேட்டா மச்சான் ஏசுவாரு."

இராக்கம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அன்று தன் பழைய சேலையில் நைந்த பக்கத்தைக் கிழித்துச் சிறு சிறு துண்டுகளாக மடித்து வைத்தாள். எதற்கு என்று இராமையா கேட்டான். "காலுக்கு" என்றாள்.

பிள்ளை மடுவத்தில் பூட்டுக் கிடையாது, கொண்டி மட்டுந்தான். தப்புச் சத்தத்துக்கு முன்பு அவள் அங்கே போனபோது யாரும் எழுந்திருக்கவில்லை. வெறுந்தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. தட்டில் இருந்த போத்தல்களை ஒவ்வொன்றாக வாசல் பக்கத்து வெளுப்பில் பிடித்து வாசித்தாள். 'குடிக்க' என்றிருந்ததை அப்படியே திரும்ப வைத்தாள். 'பூச' என்றிருந்ததன் கழுத்தில், மருந்து தொட்டுப் பூசும் அளவுக்கு ஒரு துணித் துண்டைக் கட்டினாள்.

அந்த வாரக் கடைசியில் பீலிக்கரையில் இருளாயி சிரித்தபடி நின்றாள்.

"மருந்தையா மாதிரி மனுஷன் உண்டா அக்கா? எனக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சு, பூசுற மருந்துல பூசுறதுக்குத் துணியும் சேத்தே கட்டி வச்சிருக்காரு! துணி இருந்தா பூசு, இல்லாட்டிக் குடுன்னு நானே புரிஞ்சுக்கிட்டேன்."

"நல்ல மனுஷன்தான்" என்றாள் இராக்கம்மா.

"அவருக்குப் பேரு சொல்லி மாரியம்மன் கோயில்ல ஒரு விளக்கு வைக்கப் போறேன்."

"வை, வை. எண்ணெய் வேணும்னா எங்கிட்ட வாங்கிக்க."

மருந்தையா வாரத்துக்கு ஒரு முறை புதுப் போத்தல்களை மாலையில் அனுப்புவார். மறுநாள் விடியுமுன் இராக்கம்மா பெரட்டுக்குப் போகும் வழியில் கொழுந்துக் கூடையோடு மடுவத்துக்குள் நுழைவாள். மாசி மாதத்தில் ஒரு நாள், தட்டில் ஒரு போத்தல் அதிகமாக இருந்தது. புதுச் சீட்டு, புது எழுத்து. அவள் அதை வெளுப்பில் பிடித்தாள். 'இருமலுக்கு.' கீழே, 'குடிக்க.' ஒரு தடவை வாசித்தது போதவில்லை. விரலை வைத்து மறுபடியும் வாசித்தாள். அதற்குத் துணி கட்டவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் தொங்கியது நல்லம்மாவின் இருமல் விடாத பிள்ளையின் தொட்டில். இருளாயிக்குக் கையெட்டும் இடமாகப் பார்த்து, அந்தப் போத்தலை அதற்கு நேரே தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

லயத்துப் பக்கம் தப்புச் சத்தம் எழுந்தது. அவள் கொண்டியைப் போட்டாள். கூடைக் கயிற்றை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து மேட்டில் ஏறினாள். பெரட்டில் முழுப் பேர்க்காரர்கள் முன்னால் நின்றார்கள். அவள் வரிசையின் கடைசியில், அரைப் பேர்க்காரர்கள் நிற்கும் இடத்தில் போய் நின்றாள்.